ஆறாவது படிவத்தின் கோழி ஆணம்

குறிஞ்சாக்கேணியில் யாரும் சமைக்காத, யாரும் சாப்பிடாத ஒரு கோழி ஆணம், 2022ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு, திருகோணமலை நகரத்தில் ரிஸ்லாவின் சாப்பாட்டு மேசைக்குச் சூடாக வந்து சேர்ந்தது. அதனுடன் அரைக் கோப்பை பருப்பு, நான்கு துண்டு பொரித்த பாரை மீன், மூன்று அவித்த முட்டை, முருங்கை இலைச் சுண்டல், ஒரு கீற்றுப் பப்பாசி ஆகியவையும் வந்தன. முட்டை ஒன்று அறுபது ரூபாய்க்கு விற்ற மாதம் அது. கோழியின் விலையைக் கேட்டவர்கள் கேட்ட கையோடு நடையைக் கட்டினார்கள். ரிஸ்லாவின் கணவர் நஸ்ரி துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குபவர். கப்பல்கள் குறைந்துபோனதால் நான்கு மாதமாக அரைச் சம்பளம். அவர் கை கழுவிக்கொண்டு வந்து மேசையைப் பார்த்தார். “இது யார் தந்த?” என்று கேட்டார். ஒருத்தரும் தரவில்லை என்று ரிஸ்லா சொன்னாள். “அப்ப சாப்பிடுவம், ஆறிப்போகுது” என்று கதிரையை இழுத்துப் போட்டார். மூன்றரை வயது மகள் அசனா குழம்புக்குள் கிடந்த கோழிக்காலைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ரிஸ்லா உணவு ஆய்வு நிறுவனம் ஒன்றில் கள ஆய்வாளராக இருந்தாள். எங்கள் மாவட்டத்துக்கு ஆய்வாளர்கள் புதிதல்ல. நெல்லை ஆராய ஒருவர் வருவார், மண்ணை ஆராய இன்னொருவர், மீனின் செவுளைத் திறந்து பார்த்துவிட்டுப் போக வேறொருவர். எங்களைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததை எங்களிடமே கேட்டு, ஆங்கிலத்தில் எழுதி, கடற்கரை ஹோட்டலில் கூட்டம் வைத்து, எங்களுக்கே திருப்பிச் சொல்வார்கள். நாங்களும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வருவோம். ஆனால் இந்த முறை ஆய்வுக்குப் பின்னால் ஒரு உண்மையான காரியம் இருந்தது. கலாநிதி சுகந்தன் தலைமையில் ஏழு ஊர்களில் விசாரித்து, மிகவும் மோசமாகச் சாப்பிடும் மூன்று ஊர்களைத் தெரிந்தெடுத்து, அங்குள்ள ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தினமும் ஒரு முட்டையும் ஒரு கோப்பை சத்துமாக் கஞ்சியும் கொடுப்பதாக ஏற்பாடு. விசாரிக்க ஒரே கேள்விதான்: நேற்று விடிந்ததிலிருந்து இன்று விடியும்வரை வீட்டில் என்ன சாப்பிட்டீர்கள்?

கள ஆய்வாளர்களுக்குக் கொடுத்த கைநூலின் முதலாம் விதி, இந்தக் கேள்வியை ஒவ்வொரு பெண்ணிடமும் அவள் வீட்டுக் குசினிக்குள், தனியாக வைத்துக் கேட்கவேண்டும் என்பது. ஆனால் ஆட்டோவுக்கு வாரத்துக்கு ஐந்து லீற்றர் பெற்றோல்தான் கிடைத்தது. வீடு வீடாக அலைந்தால் திரும்பி வர எண்ணெய் மிஞ்சாது. ஆகவே ரிஸ்லா, தன் பங்குக்கு வந்த குறிஞ்சாக்கேணியில், செவ்வாய்க்கிழமைகளில் ஆறு பெண்களை ஒரே முற்றத்தில் வட்டமாக உட்காரவைத்து, மடியில் ஆறு படிவங்களை வைத்துக்கொண்டு, வரிசையாகக் கேட்டாள். முதல் வாரம் அது அஸ்மியாவின் முற்றம். முதலில் பேசியவள் பருப்பு என்றாள். இரண்டாமவள் பருப்பும் மீனும் என்றாள். மூன்றாமவள் பருப்பையும் மீனையும் சொல்லிவிட்டு, கொஞ்சம் யோசித்து, முட்டையையும் சேர்த்தாள். எங்கள் பக்கத்தில் சாப்பிட்டீர்களா என்று கேட்டால் முதலில் அல்ஹம்துலில்லாஹ், இறைவனுக்கே புகழ், என்றுதான் சொல்வார்கள். அதைச் சொன்ன வாயால் அடுத்த சொல்லாக வெறுஞ்சோறு என்று சொல்ல யாருக்கும் மனம் வராது, அதுவும் பக்கத்து வீட்டுக்காரி காதைத் தீட்டிக்கொண்டு இருக்கும்போது. கேள்வி கடைசியாக அஸ்மியாவிடம் வந்து சேர்ந்தது. அவளுடைய கணவன் அபூதாஹிர் தோணிக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் ஒரு மாதமாகக் களப்புக்கு மீன்பிடிக்கப் போகவில்லை. முந்தின நாள் அவர்கள் சோற்றை உப்போடும் பச்சை மிளகாயோடும் சாப்பிட்டிருந்தார்கள்; மகள் ஆதிலா கஞ்சித் தண்ணீர் குடித்திருந்தாள்.

“கோழி ஆணம், மிஸ்” என்றாள் அஸ்மியா. “உருளைக்கிழங்கு போட்டு.”

ரிஸ்லா அதை ஆறாவது படிவத்தில் எழுதினாள். அவள் இருந்த இடத்திலிருந்து குசினி நன்றாகத் தெரிந்தது. அடுப்பில் பூனை படுத்திருந்தது. எழுதும்போதே அது பொய் என்று அவளுக்குத் தெரியும். இதை இந்த இடத்திலேயே சொல்லிவிடவேண்டும், ஏனென்றால் பிறகு நடந்தவற்றுக்கெல்லாம் பெற்றோலைக் குற்றம் சொல்ல எங்களில் பலர் முயன்றிருக்கிறோம்.

சாப்பாடு புதன்கிழமையும் அதே நேரத்துக்கு வந்தது. வியாழக்கிழமையும் வந்தது. வெள்ளிக்கிழமை ரிஸ்லா படிவங்களை எடுத்து மேசையோடு ஒத்துப் பார்த்தாள். அளவுகூடப் பிசகவில்லை. அரைக் கோப்பை என்று எழுதியிருந்தது அரைக் கோப்பையாகவே வந்திருந்தது. அடுத்த செவ்வாயில் வேறு ஆறு பெண்களிடம் கேட்டு எழுதியபோது மேசையில் சாப்பாடு மாறியது. அது கொஞ்சம் அடக்கமான வட்டம். அந்த வாரம் முழுவதும் கத்தரிக்காய்ப் பொரியலும் கீரையும்தான். ஐந்தாம் நாள் நஸ்ரிக்கு அலுத்துவிட்டது. “அந்த ஊர்ல இறால் சாப்பிடுற ஆக்கள் ஒருத்தரும் இல்லையா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். ரிஸ்லாவும் சிரித்தாள்.

கைநூலில், ஒருவர் சொல்லி முடித்த பிறகு “வேறு ஏதாவது?” என்று கேட்கலாம் என்று இருந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து ரிஸ்லா அதைக் கேட்கத் தொடங்கினாள். வேறு ஏதாவது? இறால் ஏதும்? பழம் ஏதும்? கேட்கப்பட்ட பெண்கள் கேட்டதையெல்லாம் நன்றியோடு பிடித்துக்கொண்டார்கள். மறந்துபோனதை மிஸ் ஞாபகப்படுத்திய மாதிரி, ஓம் மிஸ், இறாலும்தான் என்றார்கள். பதினான்கு வாரத்தில் எண்பத்து நான்கு வீடுகள். ஊரில் யாரும் கண்ணால் காணாத அறக்குளா மீனும் நண்டும் தயிரும் வாழைப்பழமும் நகரத்தில் ஒரு வீட்டில் மாலை ஆறு மணிக்குத் தவறாமல் பரிமாறப்பட்டன. நாடே இளைத்த அந்த நாட்களில் நஸ்ரிக்கு வயிறு வைத்து, இடுப்புப்பட்டியின் நுனிப்பக்கம் புதிதாக ஒரு துளை போடவேண்டியிருந்தது. அசனா மூன்று அங்குலம் வளர்ந்தாள்.

டிசம்பரில் படிவங்களை நிறுவனத்தில் ஒப்படைத்ததும் சாப்பாடு நின்றது. ஜனவரியில் கடற்கரை ஹோட்டலில் கூட்டம் நடந்தது. கலாநிதி சுகந்தன் மாவட்ட வரைபடத்தைத் திரையில் காட்டினார். குறிஞ்சாக்கேணி நல்ல பச்சையாக இருந்தது. ஏழு ஊர்களில் சிறந்த உணவுப் பழக்கம் அங்கேதான் என்றும், நெருக்கடியிலும் அந்தத் தாய்மார் காட்டிய திறமையை ஆராயவேண்டும் என்றும் அவர் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். ரிஸ்லாவும் தட்டினாள். முட்டை சாம்பல்தீவுக்கும் வேறு இரண்டு ஊர்களுக்கும் போனது. சாம்பல்தீவில் விசாரித்த ஜெயரூபி என்பவள் சைக்கிளில் போய் ஒவ்வொரு குசினியாகக் கேட்டிருந்தாள். அவளுடைய வீட்டு மேசைக்கு அந்த நாட்களில் எதுவும் வரவில்லை.

மார்ச் மாதம் அஸ்மியா ஆதிலாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி நிறுவனத்துக்கு வந்தாள். கிளினிக்கில் நிறுத்துப் பார்த்து, பிள்ளை வயதுக்கு ஏற்ற நிறையில் இல்லை, தினம் முட்டை கொடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். “எங்கட ஊருக்கு ஏன் மிஸ் முட்டை வரல்ல?” என்று கேட்டாள்.

“நீங்க நல்லாச் சாப்பிடுறீங்க எண்டு அறிக்கையில இரிக்கு” என்றாள் ரிஸ்லா.

அஸ்மியா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். “நான்தான் மிஸ் கோழி எண்டு சொன்னன். எல்லாரும் பாத்துக்கொண்டு இருந்தாக, வெறுஞ்சோறு எண்டு எப்பிடிச் சொல்ற? என்ட புள்ளட வாயில நானே மண்ணப் போட்டுட்டன்.”

அந்தக் கோழியைச் சாப்பிட்டது நான் என்று ரிஸ்லா சொல்லவில்லை. மேசை லாச்சியைத் திறந்து ஒரு பிஸ்கட் பொதியை எடுத்து ஆதிலாவிடம் கொடுத்தாள். அதை வாங்க நீட்டிய கையை அவள் பார்த்தாள். அசனா பிறந்த அதே மாதத்தில் பிறந்த பிள்ளையின் கை. வீட்டிலிருக்கும் கையில் பாதிகூட இல்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போனவள், மகளைத் தூக்கப் பயந்து, பிள்ளை தூங்கும்வரை குசினியிலேயே நின்றாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த பிறகு அவள் அசனாவையும் கூட்டிக்கொண்டு குறிஞ்சாக்கேணிக்குப் போனாள். முதல் வாரத்துப் பெண்கள் ஆறு பேரையும் அதே முற்றத்தில் உட்காரவைத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். பொய் என்று தெரிந்தே எழுதியதையும், இறாலைக் கேட்டு வாங்கியதையும் சொன்னாள். அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தாள். குறைந்தது காறித் துப்புவார்கள் என்றாவது நினைத்தாள். ஆனால் சாப்பாடு மேசைக்கு வந்தது அந்தப் பெண்களுக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை. சொன்ன சாப்பாடு எங்கேயாவது போயிருக்கத்தானே வேண்டும் என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி தன்னுடைய பாரை மீன் நன்றாகப் பொரிந்து வந்ததா, மெதுமெதுவென்று வந்ததா என்று விசாரித்தாள்.

“கோழியில உப்பு சரியா இருந்திச்சா, மிஸ்?” என்று அஸ்மியா கேட்டாள்.

“ஓம். சரியா இருந்திச்சு.”

அஸ்மியா எழுந்து வந்து அசனாவைத் தூக்கினாள். இடுப்பில் வைத்து ஒருதரம் குலுக்கிப் பார்த்து, “நல்ல பாரம், மாஷா அல்லாஹ்” என்றாள். பிறகு மற்றப் பெண்களும் ஒவ்வொருவராகத் தூக்கிப் பார்த்தார்கள், தங்கள் வீட்டிலிருந்து போன சாமானைப் பார்ப்பது போல. யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. ரிஸ்லாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை. ஏசியிருந்தால் ஏச்சை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

அதன் பிறகு அவள் லீவு போட்டுவிட்டு, பஸ்ஸில் போய் இறங்கி, எண்பத்து நான்கு வீடுகளுக்கும் நடந்தே போய், ஒவ்வொரு குசினிக்குள்ளும் தனியாக இருந்து மறுபடியும் கேட்டாள். சோறு, உப்பு, சம்பல். சோறு, பால் விடாத சொதி. பிளேன்ரீ, பகலுக்கு ஒன்றுமில்லை. அந்த மாலைகளில் மேசை வெறுமையாகவே இருந்தது, ஏனென்றால் உண்மையான சாப்பாடு உண்டவர்களின் வயிற்றிலேயே தங்கிவிட்டது. புதிய படிவங்களோடு தன் குற்றத்தையும் இரண்டு பக்கத்தில் எழுதி கலாநிதி சுகந்தனிடம் கொடுத்தாள். அவர், எல்லோரும் கைதட்டிய அந்தக் கூட்டத்தை நினைத்தோ என்னவோ, நெடுநேரம் நிமிராமல் வாசித்தார். நிறுவனம் மூன்று வரிக் கடிதத்தில் அவளை வேலையிலிருந்து நிறுத்தியது. குறிஞ்சாக்கேணி இரண்டாம் கட்டத்தில் சேர்க்கப்பட்டது. இரண்டாம் கட்டத்துக்குக் கையெழுத்து வேண்டியிருந்தது, கையெழுத்துப் போடுகிறவர் மாறினார், புதியவருக்கு விளக்கவேண்டியிருந்தது. முட்டை 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் வந்தது.

பட்டியல் எழுத ஊர்ப் பெண்கள் சங்கம் ரிஸ்லாவையே கூப்பிட்டது. சம்பளமில்லாத வேலைக்கு வேறு யாரும் வரவில்லை என்பது ஒரு காரணம். எங்கட சாப்பாடு அவக்குத்தான் தெரியும் என்று பெண்கள் சொன்னது மற்றது. விதி முன்பிருந்ததுதான்: ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் மட்டும், பதிந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்கு. அஸ்மியா வரிசையில் மகளோடு வந்து நின்றாள். ரிஸ்லா பிறந்த திகதியைக் கேட்டாள்.

“ரெண்டாயிரத்துப் பத்தொம்பது, மே ஒண்டு” என்றாள் அஸ்மியா. அவளுக்கும் கணக்குத் தெரியும். ஐந்து வயது முடிந்து ஒரு மாதமும் சில நாட்களும். ஆனாலும் வந்து நின்றிருந்தாள்.

ரிஸ்லா 2020 என்று எழுதினாள்.

“அது பிழை, மிஸ்” என்று அஸ்மியா மெதுவாகச் சொன்னாள்.

“பிழைதான்” என்றாள் ரிஸ்லா.

பக்கத்தில் நின்ற அதிகாரி ஆதிலாவை ஏறிட்டுப் பார்த்தார். நான்கு வயது என்று சொன்னதே அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பட்டது. முத்திரையைக் குத்தினார்.

ஆதிலாவின் வயதிலிருந்து எடுத்த அந்த ஒரு வருடம் அன்று மாலை ஆறு மணிக்கு ரிஸ்லாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அவள் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். முழங்காலில் ஏதோ பிடித்த மாதிரி இருக்கவே படியில் உட்கார்ந்தாள். நஸ்ரி வந்து பார்த்தபோது அவளுடைய வலது காதுக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்கு மயிர் நரைத்திருந்தது. காலையில் முப்பத்து நான்கு வயதோடு வீட்டைவிட்டுப் போனவளுக்கு இப்போது முப்பத்தைந்து. அந்த வீட்டில் ஆறு மணிக்கு வருவதைப் பற்றிக் கேள்வி கேட்பதை அவர்கள் எப்போதோ விட்டிருந்தார்கள். அவள் எழுந்து தேத்தண்ணீர் வைத்தாள்.

அடுத்த நாள் முதல் முட்டைகள் கொடுக்கப்பட்டன. ஆதிலா வரிசையிலேயே நின்று முட்டைக் கோதை உடைத்து, இரண்டு வாயில் முடித்துவிட்டு, கையை நக்கினாள். அஸ்மியா நரைத்த மயிரைக் கண்டாள். முக்காட்டுக்கு வெளியே வந்திருந்ததை விரலால் உள்ளே தள்ளிவிட்டாள்.

“இனி எங்களுக்காண்டி ஒண்டும் எழுதாதீங்க, ராத்தா” என்றாள், மிஸ்ஸை விட்டுவிட்டு அக்கா முறை வைத்து.

ரிஸ்லா நிமிர்ந்து பார்க்காமல் ஓம் என்றாள். பட்டியலில் எழுத இன்னும் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், இரண்டு பேருக்கும் ஐந்து வயது முடிந்திருந்தது. அந்த வாரம் அவளுக்கு முப்பத்தேழு வயதானது.