ஓரம் விட்டு வெட்டியது

அக்கா தைப்பாள், தங்கை கணினி நிரல் எழுதுவாள். வீடுகளுக்குத் திரைச்சீலை தைத்து இணையத்தில் விற்கும் அந்தக் கடையை இருவரும் சேர்ந்துதான் தொடங்கினார்கள். ஆளுக்குப் பாதி என்று முதலில் சொன்னதும் அக்காதான். சின்னவள் கேட்கக்கூட இல்லை. அக்கா சொன்ன பிறகு மறுபேச்சு எதற்கு?

கடையின் படங்கள் எல்லாம் சின்னவளின் நிரல் வழியாகத்தான் போகும். கேமராவில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால், அது திறப்பதற்குள் வாடிக்கையாளர் கொட்டாவி விட்டுக்கொண்டே அடுத்த கடைக்குப் போய்விடுவார். நிரல் அகலத்தைக் குறைக்கும், அதே விகிதத்தில் உயரத்தையும் குறைக்கும். நீளத் திரை குட்டையாகாது, யாருடைய முகமும் சப்பையாகாது. தானாக எதையும் வெட்டாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அன்று காலை கடையின் முகப்புப் பக்கத்தைத் திறந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திறப்பு நாளன்று அக்கா, அத்தான், அவள் மூன்று பேரும் நின்று எடுத்த படத்தில் அக்காவும் அத்தானும் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் தோளில் நான்கு விரல்கள் இருந்தன. விரல்களுக்குச் சொந்தக்காரியைக் காணோம்.

தன் நிரல்தான் சொதப்பிவிட்டது என்று நினைத்தாள், பைத்தியக்காரி. முந்தின வாரம்தான் அதில் அங்கங்கே கை வைத்திருந்தாள். மற்ற படங்களும் இப்படி ஆகியிருந்தால் கடையின் மானம் கப்பலேறிவிடுமே என்று பதறி, பக்கத்து அறையில் தைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் ஓடினாள். என் தப்புதான், உடனே சரிபண்ணிவிடுகிறேன், அத்தானிடமும் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று மூச்சுவிடாமல் மன்னிப்புக் கேட்டாள்.

அக்கா மிஷினை நிறுத்தவில்லை. "பரவாயில்லடி, விடு," என்றாள்.

எவ்வளவு பெரிய மனசு என்று சின்னவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

திரும்பி வந்து நிரலைத் திறந்தாள். சுருக்கும் வரிக்கு மேலே அவள் எழுதாத ஒரு வரி இருந்தது. அந்த ஒரு படம் வந்தால் மட்டும் வலப்பக்கத்தை வெட்டிவிட்டுப் பிறகு சுருக்கு என்றது அது. வெட்டுவதற்கு நான்கு எண்கள்: இடது, மேல், வலது, கீழ். துணிப் படங்களில் மேஜை விளிம்பு தெரிந்தால் எடுத்துவிட உதவுமே என்று அந்த எண்களை அவள் ஒரே ஒருத்திக்குத்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். அந்த ஒருத்தி எதை வெட்டினாலும் தையலுக்கென்று ஓரம் விட்டுத்தான் வெட்டுவாள். துணியில் பழகிய கை படத்திலும் ஓரம் விட்டிருந்தது. அதனால்தான் அந்த விரல்கள் தப்பியிருந்தன.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய் அக்காவின் முன் வைத்தாள்.

அக்கா மறுக்கவில்லை. புருஷன் பெண்டாட்டி நடத்தும் கடை என்றால்தான் ஜனங்கள் நம்பி வாங்குவார்கள் என்று அத்தான் சொன்னாராம். வேறு ஒன்றும் இல்லையாம்.

"அப்ப நான் வந்து மன்னிப்புக் கேட்டப்ப ஏங்கா சும்மா இருந்தே?"

சின்னவளுக்கு அதுதான் ஆறவில்லை. தன்னைப் படத்திலிருந்து எடுத்ததைக்கூட எப்படியோ விழுங்கியிருப்பாள். செய்யாத தப்புக்குக் கெஞ்சவும் விட்டு, பெரிய மனசோடு மன்னித்தும் அனுப்பினாளே. அந்த வரியை அழிக்க விரலைக் கொண்டுபோனாள். அக்கா சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அது இருக்கட்டும்டி. எடுத்துடாதே."

சின்னவள் கையை விடுவித்துக்கொண்டாள். பையை மாட்டிக்கொண்டு, போகிறேன் என்றாள். நாளைக்கும் வரமாட்டாள் என்பது இருவருக்கும் தெரிந்தது. வாசல்வரை மெதுவாகத்தான் நடந்தாள். போகாதே என்று ஒரு வார்த்தை வந்திருந்தால், வெட்கங்கெட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்திருப்பாள்.

அக்கா கூப்பிடத்தான் செய்தாள்.

"புதுசா எடுத்த படமெல்லாம் அப்படியே கிடக்குடி. அதை மட்டும் சின்னதாக்கிக் குடுத்துட்டுப் போ."