மைக் அணைவதற்கு முன் ஒரு சிரிப்பு

சனிக்கிழமை காலை என் மகள் ஹசிந்தா தன் அம்மா சாவதைக் கேட்கப்போகிறாள். புதன்கிழமைதான் எனக்கு அது உறைத்தது.

என் மனைவி அம்பாரோ டப்பிங் கலைஞர். வெளிநாட்டுப் படங்கள் எங்கள் மெக்சிகோ நகரத்துக்கு வந்துதான் ஸ்பானிஷ் பேசக் கற்றுக்கொள்கின்றன. கடைசியாக அவள் குரல் கொடுத்தது கார்ட்டூன் படத்தில் வரும் ஒரு நீர்நாய்க்கு. குட்டியை வயிற்றில் சுமந்து மிதக்கும் தாய். படத்தின் நடுவில் பனிக்கட்டிமேல் அது செத்துப்போகிறது.

குரல் கொடுத்து முடித்த இரண்டாவது மாதம், எங்கள் சமையலறையில், மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்து அம்பாரோ செத்துப்போனாள். "பீன்ஸ் கருகுது, அடுப்பை அணை" என்றாள். அவ்வளவுதான். எந்தப் படத்திலும் யாரும் அப்படிச் சொல்லிவிட்டுச் சாவதில்லை.

நண்பர்கள் புத்தகங்கள் கொடுத்தார்கள். மனைவியை இழந்தவர்கள் எழுதியவை. எல்லாவற்றையும் படித்தேன். ஒவ்வொருவரும் ஏதோ ஒரு பக்கத்தில் உடைந்து அழுதார்கள். ஒருவர் செருப்பைப் பார்த்து, இன்னொருவர் சீப்பைப் பார்த்து. நானும் அவள் செருப்பைப் பார்த்தேன். அது செருப்பாகத்தான் இருந்தது.

ஹசிந்தாவும் அழவில்லை. ஆறு வயது. அடக்கத்தன்று பெட்டியருகே நின்று வேடிக்கை பார்த்தாள். நான் கட்டடங்களுக்கு மண் பரிசோதிக்கும் இன்ஜினியர். இந்த நகரம் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. இறங்கும் மண்ணில் விரிசலே விடாமல் நிற்கும் கட்டடத்தை நான் நம்புவதில்லை.

வெளியீட்டுக்கு முன்பு, குரல் கொடுத்தவர்களின் குடும்பங்களுக்கு மட்டும் ஒரு காட்சி போடுவார்கள். அதற்குத்தான் அழைப்பு. ஹசிந்தா பள்ளியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். "சனிக்கிழமை எங்கம்மா பேசுவாங்க."

முதலில் நான் கேட்டுவிடுவது என்று ஸ்டுடியோவுக்குப் போனேன்.

டப்பிங் இயக்குநர் எவாரிஸ்தோ வாசலிலேயே பிடித்துக்கொண்டார். அறுபது வயது. பழைய படங்களில் வில்லன்களுக்கெல்லாம் அவர் குரல்தான்.

"வாங்க இன்ஜினியரே. என்ன இப்படி எலும்பா போயிட்டீங்க? உங்களைப் பாத்தா எனக்கே குரல் நடுங்குது."

"அந்தக் காட்சியை மட்டும் போடுங்க."

அவர் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு போட்டார்.

பனிக்கட்டி. நீர்நாயின் வாய் அசைந்தது. அந்த அசைவுக்குள் அம்பாரோ தன் மூச்சை உட்காரவைத்திருந்தாள். வீட்டில் அவள் அடிக்கடி சொல்வாள்: "சினிமாவுல சாகறவங்களுக்கு மூச்சு ஜாஸ்தி குடுத்துடுவாங்க பெர்மின். அதை ரொப்பறதுக்குள்ள எனக்கு உயிர் போயிடும்."

"மிதந்துகிட்டே இரு கண்ணு" என்றது நீர்நாய். ஒரு மூச்சு. இன்னொன்று. அப்புறம் இல்லை. திரை இருண்டது.

பரவாயில்லை, தாங்க முடிகிறது என்று நினைத்தேன்.

இருட்டுக்குள்ளிருந்து அம்பாரோ சிரித்தாள்.

நீர்நாய் இல்லை, அவள்தான். குக்கர் விசில்போல ஆரம்பித்து, அடக்கப் பார்த்து, முடியாமல் பீறிட்ட சிரிப்பு. நாற்காலியின் கைப்பிடியிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கவேண்டியிருந்தது.

"என்ன இது?"

"வழக்கம். இங்க மைக்குல செத்தவங்க யாரா இருந்தாலும், மைக் அணையறதுக்கு முன்னாடி அதே பதிவுலயே சிரிச்சுட்டுத்தான் வெளிய வரணும். இல்லன்னா சாவு குரல்லயே ஒட்டிக்கும்னு எங்காளுங்க நம்பறாங்க. வழக்கமா அதை வெட்டிடுவோம். இதை வெட்ட எனக்குக் கை வரல."

"சிரிச்சாளே. சிரிச்சும் செத்துட்டாளே."

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "தியேட்டருக்குப் போற பிரதியில இருக்காது. சனிக்கிழமை மட்டும் விட்டுவெக்கலாமா? வரப்போறது நம்ம ஆளுங்கதான். எல்லாருக்கும் விஷயம் தெரியும். அவளுக்கு ஒரு மரியாதையா இருக்கும்."

செத்த நீர்நாய்க்குள்ளிருந்து அம்மா சிரிப்பதை ஹசிந்தா கேட்பதை நினைத்துப் பார்த்தேன். அதற்கப்புறம் ராத்திரிகளில் அவள் எழுந்து உட்கார்ந்துகொண்டு, சமையலறைப் பக்கம் காதைத் திருப்புவதை.

"வெட்டிடுங்க."

"கொஞ்சம் யோசிங்க இன்ஜினியரே. குழந்தைக்கு..."

"குழந்தைக்காகத்தான் சொல்றேன். வெட்டிடுங்க."

வெட்டினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

சனிக்கிழமை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். ஹசிந்தா மடியில் மிளகாய்ச் சாறு ஊற்றிய பாப்கார்ன். பின்வரிசையிலிருந்து கிரிசெல்தா எட்டி அவள் கன்னத்தைக் கிள்ளினாள். அம்பாரோவின் தோழி. எல்லாப் படத்திலும் சூனியக்காரி அவள்தான்.

"என் ராணி, இவ்ளோ காரமா திங்கறே? அப்புறம் என்னை மாதிரி தொண்டை ஆயிடும்."

"உங்களை மாதிரி ஆனா நல்லா கத்தலாம் அத்தை."

"பாத்தீங்களா இவ வாயை! அம்மாக்காரியேதான்."

விளக்கு அணைந்தது. அம்பாரோ பேச ஆரம்பித்தாள். ஹசிந்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் திரையைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பனிக்கட்டி வருவதற்குள் எழுப்பி வெளியே கூட்டிப்போய்விடுவதென்று வைத்திருந்தேன்.

"ஒண்ணுக்குப் போலாமா?" என்று காதில் கேட்டேன்.

"இப்ப வேணாம்ப்பா. இப்பதான் அம்மா சாகப்போறாங்க."

என் கை அவள் தோளிலேயே நின்றுவிட்டது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஷ்ஷ். அன்னிக்கு ஸ்கூல் லீவு. டீச்சருங்க மீட்டிங். ஸ்டுடியோவுல அம்மா மைக்கு முன்னாடி, நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தேன்."

மாதத்தின் கடைசி வெள்ளியில் அந்த மீட்டிங் இருக்கும். பிள்ளைகளுக்கு லீவு. நான் வேலைக்குப் போயிருந்தேன்.

மிதந்துகிட்டே இரு கண்ணு. ஒரு மூச்சு. இன்னொன்று. ஹசிந்தா பயப்படவில்லை. முன்னால் சாய்ந்தாள். திரை இருண்டபோது, கண்ணை உருட்டி, நாக்கை நீளமாக வெளியே நீட்டினாள்.

கண்ணாடி வழியே இந்த முகத்தைப் பார்த்துத்தான் அம்பாரோ அப்படிச் சிரித்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அரங்கில் சத்தமில்லை. நான் வெட்டச் சொன்ன இடம் எவ்வளவு நீளமானது என்று அந்த இருட்டில் தெரிந்தது. ஹசிந்தா நாக்கை நீட்டியபடியே காத்திருந்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

"அப்பா, சிரிப்பு எங்க?"

அவளை என் பக்கம் இழுத்தேன்.

"அம்மா சிரிக்கல." குரல் உயர்ந்தது. "செத்தா சிரிக்கணும்ல? அன்னிக்குச் சிரிச்சாங்களே. வீட்டுல சிரிக்கல. பெட்டிக்குள்ளயும் சிரிக்கல. இங்க சிரிப்பாங்கன்னு நான் காத்துகிட்டு இருந்தேன்." என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நிஜமாவே செத்துட்டாங்களா?"

அவள் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. விரிசல். இத்தனை நாள் நான் பயந்து பயந்து தேடிய விரிசலை நானே கையால் பிளந்திருந்தேன். அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஏதாவது செய்யவேண்டும். சிரிக்க முயன்றேன். வாய் திறந்தது. உலர்ந்த குழாயில் காற்று வருவதுபோல ஒன்று வந்தது.

"அது இல்ல" என்று ஹசிந்தா அழுதாள். "அது அம்மாவோடது இல்ல."

பின்னால் கிரிசெல்தா சிரித்தாள்.

சூனியக்காரிச் சிரிப்பு இல்லை. அவள் சொந்தச் சிரிப்பு. அழுகை கலந்திருந்தது. ஓரத்திலிருந்து எவாரிஸ்தோ சேர்ந்துகொண்டார். பிறகு அவருக்குப் பக்கத்தில் ஒருவர், அவருக்கும் பின்னால் ஒருவர். அந்த அரங்கில் விஷயம் தெரியாதவர்கள் யாரும் இல்லை. வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்காகச் செத்துச் செத்துச் சிரித்தவர்கள், இருட்டில், முகம் தெரியாமல் சிரித்தார்கள். திரையில் குட்டி தன் தாயை மூக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு நிறுத்துங்கள் என்று கத்தத் தோன்றியது. அதைவிட அவர்கள் நிறுத்திவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. ஏனென்றால் நான் அந்தச் சிரிப்புக்குள் தேடிக்கொண்டிருந்தேன். அத்தனை குரல்களுக்கு நடுவில், குக்கர் விசில்போல ஆரம்பிக்கும் ஒன்றை.

ஹசிந்தாவும் அழுகையை நிறுத்தி, தலையைத் தூக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் ஈரம், மிளகாய்ச் சாறு.

"இருக்காங்களாப்பா?" என்றாள்.

"இல்லம்மா" என்றேன். அம்பாரோ இறந்தபின் அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு என் முகமும் ஈரமாக இருந்தது.

சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. கடைசியாக யாருடையது அடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.