வாகை நெற்று

செவலை ஆடு அன்று எழுந்திருக்கவில்லை. உண்ணாமலை வாலடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். பின்னங்கால்கள் மடங்கி மறுபடியும் உட்கார்ந்துவிட்டது. குட்டி போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. இரண்டு குட்டிகளும் வற்றிய மடியைத் தேடி வயிற்றோரம் முட்டிக்கொண்டு கத்தின.

எண்பத்து மூன்றாம் வருஷத்துப் பஞ்சம், பங்குனி மாதம். அடி அண்ணாமலை கிராமத்தில் வேம்பையும் கிளுவையையும் ஆட்டுத் தீனிக்காக ஊரே ஒடித்து மொட்டையாக்கியிருந்தது. மலை வெறும் பாறையும் சருகுமாக நின்றது. வெயில் ஏறுவதற்குள் வியாபாரி இருசப்பன் வந்து ஆட்டை அறுப்புக்குக் கொண்டுபோவதாகப் பேச்சு. தாய் போனால் குட்டிகள் பிழைக்காது என்று அவளுக்கும் தெரியும், புருஷன் கண்ணாயிரத்துக்கும் தெரியும்.

தீனி என்று மிஞ்சியது காவல் சாமி வேடியப்பன் கோயில் வாகை மரம் மட்டும்தான். இலை கொட்டிப்போயும் கிளை முழுக்கக் காய் முற்றி உலர்ந்து நெற்றாக வெளுத்துத் தொங்கியது. ஆனால் அந்த மரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது, தொரட்டிக் கோல் போட்டு இழுக்கக் கூடாது. தானாக உதிர்வதை ஆடு தின்னலாம். உதிர்ந்ததை ஊர் ஆடுகள் எப்போதோ துடைத்துவிட்டன.

"தொரட்டிய எடுங்க. சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

"உத்தரவு இல்லாம தொடமாட்டேன்டி. கேட்டுப் பாக்கலாம், வா."

கண்ணாயிரத்துக்குப் பயம் ஜாஸ்தி. அதற்காக மனசு கல் என்று சொல்லிவிட முடியாது. ஆட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் வேடியப்பன் முன்னால் படுக்க வைத்தான். சாமியே கண்ணால் பார்க்கட்டும் என்று நினைத்தானோ என்னவோ. குட்டிகளை உண்ணாமலை இடுப்புக்கு ஒன்றாகச் சுமந்து வந்தாள்.

வீட்டில் மிச்சமிருந்த பொரியைப் படைத்து, கற்பூரம் ஏற்றி, வலப்பக்கம் பல்லி சொன்னால் உத்தரவு என்று கண்ணை மூடி நின்றான். கற்பூரம் அணைந்தது. பல்லி வாய் திறக்கவில்லை. அந்தப் பஞ்சத்தில் அதற்கும் தொண்டை காய்ந்துபோயிருக்கலாம்.

"போதுங்க. தூக்குங்க, போவலாம்" என்றாள்.

அப்போதுதான் மலைப்பக்கமிருந்து குரங்குகள் இறங்கின. ஒன்று பொரியை அள்ளிக்கொண்டு வாகையில் ஏற, மற்றவை துரத்திக்கொண்டு ஏறின. உச்சியில் அடிதடி. கிளைக்குக் கிளை தாவல். மரமே குலுங்கியது. நெற்று பொலபொலவென்று கொட்டத் தொடங்கியது. தலையில், தோளில், ஆட்டின் முதுகில், சாமியின் மடியில். கண்ணாயிரம் கையைக் கூப்பியபடி அண்ணாந்து நின்றான். கண்ணில் நீர் வழிந்தது. உண்ணாமலைக்கும் உடம்பு சிலிர்த்தது. ஒரு சொட்டு மழை இல்லாத வருஷத்தில் இந்த மரம் எதைக் குடித்து இத்தனையைக் காய்த்தது?

"உத்தரவுடி, உத்தரவு!"

"அப்புறம் கும்புடலாம், பொறுக்குங்க மொதல்ல!"

நெற்றைக் கல்லில் வைத்து நசுக்கினாள். விதையை முழுசாகக் கொடுத்தால் அப்படியே புழுக்கையில் வந்துவிடும். முதல் பிடியை உதட்டில் வைத்தபோது ஆடு முகர்ந்ததோடு சரி. இரண்டாவது பிடியை நாக்கால் தடவியது. பிறகு மென்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருவரும் நசுக்கினார்கள், ஊட்டினார்கள், கோயில் குடத்துத் தண்ணீரைக் கையில் ஏந்திக் காட்டினார்கள். வெயில் ஏறிவிட்டது.

வீட்டில் ஆளைக் காணாமல் தேடிக்கொண்டு சைக்கிளில் வந்த இருசப்பன், மரத்தடியில் காலை ஊன்றினான். தோளில் கயிறு. யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

செவலை பின்னங்கால்களை ஊன்றியது. இடுப்பு நடுங்கிக்கொண்டே மேலே வந்தது. முன்னங்கால்கள் இன்னும் மண்டியிட்டபடியே இருந்தன. அது முழுசாக எழுந்திருக்கும்வரை குட்டிகளுக்குப் பொறுமையில்லை. ஒன்று அதற்குள் மடிக்குக் கீழே தலையை நுழைத்துவிட்டது, வால் துடித்தது.

இருசப்பன் சைக்கிள் மணி அடித்துவிடாமல் அதன்மேல் உள்ளங்கையைப் பொத்திக்கொண்டு நின்றான்.