மூண்டாவது குசினியும் ஈரம் பாக்கிற மெசினும்

பலெர்மோவிலை வீட்டு வேலை செய்யிற சிவமலருக்கு வருசத்திலை பதினாலு நாள்தான் லீவு. ஓகஸ்ட் வெய்யில் மண்டையைப் பிளக்கேக்கை பொலிதேயாமாப் பக்கம் அவ சமைக்கிற வீட்டின்ரை எசமானி, சிஞ்ஞோரா, பிள்ளையளோடை மலைப்பக்கம் போயிடுவா. கால்சாப் பக்கம் அவ கூட்டித் துடைச்சுச் சமைக்கிற சட்டத்தரணியின்ரை வீடும் பூட்டுப்படும். அந்தப் பதினாலு நாளும் இரண்டு குசினி அவவின்ரை தலையிலையிருந்து இறங்கும். அதை நினைச்சு நினைச்சுத்தான் மிச்ச நாளெல்லாம் அவ குனிஞ்சு நிமிர்ந்தா.

அந்தப் பதினாலு நாளிலைதான் மனுசன் கோபாலசிங்கம் கை வைச்சார்.

சிங்கத்தாருக்கு பொலிதேயாமாவிலை ஒரு பெரிய கட்டடத்தின்ரை வாசலிலை வேலை. கண்ணாடிப் பெட்டிக்குள்ளை இருந்து வாற போற ஆக்களுக்கு 'புவோன்ஜோர்னோ' எண்டு வணக்கம் சொல்லவேணும், கடிதங்களை வாங்கி வைக்கவேணும். மிச்ச நேரத்துக்கு ஒரு போன். போனும் கையுமா இருக்கிற மனுசனுக்கு யோசினைக்கு என்ன பஞ்சம்? மே மாதம் ஒருநாள் வேலையாலை வந்து, சப்பாத்தைக் கூடக் கழட்டாமல் சொன்னார்:

"மலர், நாங்கள் ஒரு காம்பர் வாங்குவம்."

காம்பர் எண்டால் உள்ளுக்குக் கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வைச்ச வீட்டு வான். மொண்டெல்லோக் கடற்கரையிலை ஒரு வில்லாவுக்குக் காவல் பாக்கிற மன்னார்ப் பீலிக்ஸ் தன்ரை காம்பரை விக்கிறாராம். ஏன் விக்கிறீர் எண்டு கேட்டதுக்கு "முதுகு நோ, அண்ணை" எண்டு சொல்லிப்போட்டுக் கதையை மாத்திப்போட்டாராம்.

"ஹோட்டல் தேவையில்லை, கடைச் சாப்பாடு தேவையில்லை," எண்டார் சிங்கத்தார், கண் ரெண்டும் மினுங்க. "கடலுக்குப் பக்கத்திலை நிப்பாட்டிப்போட்டு, உம்மடை கையாலை ஒரு மீன்குழம்பும் சோறும் வைச்சீரெண்டால், அதுதானப்பா சொர்க்கம்!"

சொர்க்கம் ஆருக்கு எண்டு அவர் சொல்லேல்லை. சிவமலருக்குக் கோவம் ஏறினது. இரண்டு குசினி காணாதெண்டு மூண்டாவதோ? அதுவும் சில்லுப் பூட்டின குசினியோ? எங்கை ஓடினாலும் பின்னாலையே வருமே!

ஆனால் அவ கோவத்தை வெளியிலை காட்டேல்லை. வேண்டாம் எண்டு சொன்னால் அந்த மனுசன் கட்டாயம் வாங்கும். இருபத்தாறு வருசக் கலியாணத்திலை அவ படிச்ச முதல் பாடம் அது. இரண்டாவது பாடமும் ஒண்டிருக்கு. எந்தச் சாமானையும் நூறு தரம் விசாரிக்காமல் சிங்கத்தார் வாங்கமாட்டார். ஒரு கேத்தில் வாங்க நாலு மாதம் தேடி, கடைசியிலை இதுதான் எண்டு அவர் முடிவெடுக்க, கொம்பனிக்காரர் அந்தக் கேத்தில் செய்யிறதையே நிப்பாட்டிப்போட்டாங்கள்.

"நல்ல யோசினைதானப்பா," எண்டா சிவமலர், குழந்தைப்பிள்ளை மாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு. "ஆனால் பழைய காம்பர் எண்டால் சுவருக்குள்ளை ஈரம் ஊறியிருக்குமாம். சிஞ்ஞோராவின்ரை தமையன் ஒண்டு வாங்கி, கை வைச்ச இடமெல்லாம் பிஸ்கற் மாதிரி உதிர்ந்ததாம். ஈரம் பாக்கிறதுக்கெண்டு ஒரு மெசின் இருக்காம். நல்லதாப் பாத்து அதை முதல் வாங்குங்கோவன்."

சிஞ்ஞோராவுக்குத் தமையனே இல்லை. அதுக்கென்ன, சிங்கத்தார் அண்டைக்கு இரவே தேடத் தொடங்கியிட்டார்.

ஜூன் மாதம் முழுக்க அந்தக் கண்ணாடிப் பெட்டி ஒரு பள்ளிக்கூடமாப் போச்சு. மெசினிலை இரண்டு சாதி இருக்கெண்டு அவர் கண்டுபிடிச்சார். ஒண்டுக்கு ஊசி மாதிரி இரண்டு முள்ளு. அதைச் சுவரிலை குத்தினால் உள்ளுக்கை எவ்வளவு ஈரமெண்டு இலக்கம் காட்டும். பதினைஞ்சுக்குக் கீழை எண்டால் காய்ஞ்சது, இருபதைத் தாண்டினால் கவனம், இருபத்தைஞ்சுக்கு மேலை எண்டால் கும்பிட்டுப்போட்டு வரவேண்டியதுதான்.

"முள்ளு மெசினே வாங்குவம்," எண்டார்.

"வாங்குங்கோ. ஆனால் தன்ரை வண்டியிலை ஓட்டை போட பீலிக்ஸ் விடுவாரோ?"

சிங்கத்தார் உடனை போனைத் தூக்கினார். திரும்பத் தேடல். மற்றச் சாதிக்கு முள்ளே இல்லை, சுவரிலை சும்மா வைச்சு அமத்தினால் போதும். இரண்டு கிழமையாலை அதிலை ஒண்டைப் பிடிச்சார்.

"அது நல்லதுதான். ஆனால் பின்னாலை தகரம், கம்பி ஏதும் இருந்தால் அதையும் ஈரமெண்டு காட்டுமாமே?" சிவமலரும் இப்ப சிஞ்ஞோரா வீட்டுக் குசினியிலை நிண்டு போனிலை படிக்கத் தொடங்கியிருந்தா. எதிரியின்ரை ஆயுதம் தெரியாமல் சண்டை பிடிக்கேலாது.

அப்பிடியே ஜூலையும் கழிஞ்சுகொண்டு போக, சிவமலர் துடைப்பத்தோடை பாட்டும் பாடினா. இன்னும் ஒரு பத்து நாள் இழுத்தால் காணும், இந்த வருசம் தப்பியாச்சு.

அந்த நேரம் பாத்து பீலிக்ஸ் போன் அடிச்சார். கத்தானியாவிலையிருந்து ஒருத்தன் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் காம்பரைப் பாக்க வாறானாம். சிங்கத்தாருக்கு வேர்த்துப்போச்சு. அடுத்த நாளே கடைக்குப் போய் இரண்டு சாதி மெசினையும் வாங்கிக்கொண்டு வந்து நிண்டார்! வாழ்க்கையிலை முதல்தரம் ஒரு சாமானை அவர் ஒரே நாளிலை வாங்கினது.

"ஞாயிறு காலமை போறம்," எண்டார். "ஒரு போத்திலிலை மஞ்சள் தண்ணி கரைச்சு எடும். முடிவெடுத்த உடனை தெளிச்சு, தேசிக்காய் வெட்டி, கையோடை கொண்டுவருவம்."

ஞாயிறு காலமை பீலிக்ஸும் மனுசி மாக்கிரட்டும் பூசையாலை வந்து உடுப்பும் மாத்தாமல் நிண்டினம். வில்லாவுக்குப் பின்னாலை காம்பர் வெள்ளை வெளேரெண்டு நிண்டது. ஆம்பிளையள் இரண்டு பேரும் சில்லைத் தட்டிப் பாக்க, சிவமலர் மெதுவா உள்ளை ஏறினா. ஒரு குட்டிக் குசினி. ஒரு சாப்பாட்டுக் கோப்பை மட்டும் வைச்சுக் கழுவுற தொட்டி. அதைப் பாத்ததும் அவவுக்கு அழுகை வந்தது. பதினாலு நாளும் இதுக்கு முன்னாலைதான் நிக்கப்போறன் எண்டு நினைச்சா.

கட்டிலுக்குப் பக்கத்து மூலையிலை ஒரு யன்னல். ஈரம் இருந்தால் யன்னலுக்குக் கீழைதான் இருக்குமெண்டு அவவும் படிச்சிருந்தாவே. அதிலை ஊத்தத் தண்ணிக்குப் பைப்பைத் திருகினா, ஒரு சொட்டு வரேல்லை. வெளியிலை காலடிச் சத்தம் கேட்டது. கைப்பைக்குள்ளை என்ன இருக்கு? மஞ்சள் தண்ணிப் போத்தில். யோசிக்க நேரமில்லை. யன்னலுக்குக் கீழை சளக்கெண்டு ஊத்தி, தலையணையாலை மறைச்சுப்போட்டு வெளியிலை வந்திட்டா.

சிங்கத்தார் மெசினோடை உள்ளை போனார். கூரை பன்னிரண்டு. கதவடி பதினொண்டு. கக்கூஸ் பன்னிரண்டு. ஒவ்வொரு இலக்கத்தையும் அவர் கோயில் ஐயர் மந்திரம் சொல்லுற மாதிரி உரக்கச் சொன்னார். குளிர்ப்பெட்டிக்குப் பின்னாலை முள்ளில்லாத மெசின் கத்தினது, பாத்தால் தகரம். கடைசியிலை தலையணையை விலத்திப்போட்டு, பீலிக்ஸ் சரியெண்டு தலையாட்ட, முள்ளைக் குத்தினார். மெசின் கீ கீ எண்டு குளறினது.

"நாப்பத்திரண்டு!"

"மாதாவே!" பீலிக்ஸ் நெஞ்சிலை கை வைச்சார். "சத்தியமா ஒரு சொட்டு ஒழுக்கு இல்லையண்ணை!"

சிவமலர் கவலைப்படுற மாதிரித் தலையை ஆட்டினா. சிங்கத்தார் முள்ளை இழுத்து வெளிச்சத்திலை பிடிச்சார். முள்ளு மஞ்சளா இருந்தது. சுவரிலை, வெள்ளைப் பலகையிலை, ஒரு முழ நீளத்துக்கு மஞ்சள் வடிஞ்சிருந்தது. அவர் முள்ளை மூக்குக்குக் கிட்டப் பிடிச்சு மணந்து பாத்தார். முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைச்ச கதையாப் போச்சு. பலெர்மோவிலை எந்த மழை மஞ்சளாப் பெய்யிறது?

மூண்டு பேரும் சிவமலரைப் பாத்தினம்.

"என்னப்பா இது, மலர்?"

அவவுக்கு முகம் சிவந்தது. மூண்டு மாதமா அடக்கி வைச்சது அப்பிடியே வாயாலை வந்திட்டுது. "ஓம், நான்தான் ஊத்தினனான்! வருசம் முழுக்க ரெண்டு வீட்டுக்குச் சமைக்கிறன், கழுவிறன், துடைக்கிறன். லீவிலையும் மீன்குழம்போ? எனக்குச் சொர்க்கம் வேண்டாம், சும்மா இருக்கவேணும்! பதினாலு நாள் ஒரு சட்டியையும் தொடாமல் இருக்கவேணும்!"

 மாக்கிரட் சிரிக்கத் தொடங்கினா. சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணாலை தண்ணி வந்திட்டுது.

"மலரக்கா, இந்த மனுசன் ஏன் விக்கிறார் எண்டு சொன்னவர்?"

"முதுகு நோவெண்டு."

"உண்மைதான். ஆனால் அது என்ரை முதுகு! நாலு கோடை இதுக்குள்ளை குனிஞ்சு நிண்டு சமைச்சனான். இந்த முறை நானோ காம்பரோ எண்டு கேட்டன்."

பீலிக்ஸ் நிலத்தைப் பாத்தார். சிங்கத்தாருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "இதென்ன பெரிய வேலையே? நான் சமைக்கிறன்! நானே கழுவிறன்!"

"இவரும் அப்பிடித்தான் சொன்னவர்," எண்டா மாக்கிரட்.

"அப்ப இண்டைக்கே சமையுங்கோவன்," எண்டா சிவமலர். "நாலு பேருக்குச் சோறும் மீன்குழம்பும். கழுவித் துடைச்சும் வைக்கவேணும். ஏலுமெண்டால் வாங்குவம், நான் ஒரு சொல்லுச் சொல்லன்."

பொம்பிளையள் இரண்டு பேரும் செருப்பைக் கையிலை தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போயிட்டினம். தண்ணிக்குள்ளை காலை விட்டுக்கொண்டு ஐஸை நொறுக்கிப் போட்ட எலுமிச்சைக் கிரானித்தா குடிச்சினம். கிரானித்தா முடிய இன்னொண்டு வாங்கினம்.

மூண்டு மணிக்குத் திரும்பி வந்து கதவைத் திறக்க, குப்பெண்டு ஆவி அடிச்சது. ஈ, இலையான் வருதெண்டு யன்னலெல்லாம் பூட்டியிருந்தினம். சுவராலை தண்ணி முத்து முத்தா வடிஞ்சது. பீலிக்ஸ் வெளியிலையிருந்து வாளியாலை தண்ணி சுமந்து சுமந்து முழங்கால் வரைக்கும் நனைஞ்சிருந்தார். சிங்கத்தார் அடிப்பிடிச்ச சட்டியைக் குட்டித் தொட்டிக்குள்ளை திருப்பவும் ஏலாமல், ஒரு கையிலை உரஞ்சுற கம்பியோடை நிண்டார். அவரின்ரை விரலெல்லாம் ஊறிச் சுருங்கிப்போய் இருந்தது. மற்றக் கையிலை மெசின்.

"மலர், இஞ்சை வந்து பாரும்." குரல் சாவீட்டுக் குரல் மாதிரி இருந்தது. முள்ளை அடுப்புக்கு மேலைப் பலகையிலை குத்தினார். "இருபத்தெட்டு. ஈரமப்பா. இதை வாங்கேலாது."

பீலிக்ஸ் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். மாக்கிரட் அவரின்ரை கையைப் பிடிச்சு வெளியிலை இழுத்தா. "கத்தானியாக்காரன் ஆறு மணிக்குத்தான் வருவான். முதல் யன்னலைத் திறந்து காய விடுங்கோ."

சிவமலர் சோத்துப் பானையைப் பாத்தா. வடியிற சுவரைப் பாத்தா. மனுசனின்ரை சுருங்கின விரலைப் பாத்தா. சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பாவமாவும் இருந்தது.

"ஓமப்பா," எண்டா. "நல்ல காலம், மெசின் வாங்கிப் பாத்தீங்கள்."

சோறு குழைஞ்சுபோச்சு, மீனுக்கு உப்புக் கூட. அவ ஒரு பருக்கை மிச்சம் விடாமல் சாப்பிட்டா. பிறகு கோப்பையைக் கொண்டுபோய் அந்தக் குட்டித் தொட்டியிலை, அவரின்ரை கைக்குப் பக்கத்திலை வைச்சுப்போட்டு, வெளியிலை வந்து நிழலிலை ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தா.