நூற்றிருபது வரை

நாற்பத்தேழு எண்ணும்போது கேட் கிறீச்சிட்டது. தேவராஜ் திரும்பவில்லை. அம்பத்தூர் வாடகை வீட்டு வாசலில், உச்சி வெயிலில், ஸ்கிரீன் பிரிண்டிங் சட்டத்தின் முன்னால் குந்தியிருந்தான். உதடுகள் மட்டும் அசைந்தன. நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது.

தொழில் கற்க ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேபிள் அடிக்கும் தங்கவேல், பழைய ஸ்டிரைக்கில் கூட நின்ற சிநேகிதன், தினம் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தான். நாற்பது வயதில் தேவராஜுக்கு இது அதிசயமாக இருந்தது. மரச்சட்டத்தில் நைலான் துணியை இழுத்துக் கட்டி, மஞ்சள் நிற மருந்தைப் பூசி, இருட்டில் காயவைக்க வேண்டும். அதன்மேல் கறுப்பு எழுத்துள்ள ஃபிலிமை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்ட வேண்டும். வெயில் பட்ட மருந்து இறுகிப்போகும். எழுத்தின் நிழலில் ஒளிந்த மருந்து இளகியே இருக்கும். கழுவினால் அது மட்டும் கரைந்து ஓடி, எழுத்துக்கு எழுத்து துணியில் வழி திறக்கும். அந்த வழியாகத்தான் மை இறங்கும். வெயில் கொஞ்சம் கூடினால் எழுத்து திறக்காது. குறைந்தால் மருந்து மொத்தமும் வழிந்துவிடும். இந்த மாதத்து உச்சி வெயிலுக்கு நூற்றிருபது என்று தங்கவேல் கணக்குச் சொல்லியிருந்தான்.

"மச்சான், எண்ண சொல்லோ எமனே வந்தாலும் இன்னான்னு கேக்காத. குந்து, வரேன்னு கையக் காட்டு. வாயத் தொறந்தியோ, எண்ணிக்கை பூடும்" என்பான்.

நான்கு சட்டம் கெட்டுப்போயிருந்தது. இது ஐந்தாவது. ஊறுகாய்க்காரர் ஒருவர் நம்பிக் கொடுத்த முதல் லேபிள்.

"அண்ணா."

எல்லம்மாவின் குரல். ஓரக்கண்ணில் தங்கையின் மாம்பழக் கலர் புடவை தெரிந்தது. கையில் தட்டு, அதன்மேல் துணி. ஐம்பத்தெட்டு. அவள் இந்த வாசலை மிதித்து மூன்று வருஷம். ஸ்டிரைக்கின் அறுபதாம் நாள் அவள் புருஷன் சம்பத் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குள் போனான். வெளியே நின்ற தேவராஜுக்கு, கம்பெனி திறந்தபோது இடமில்லை. அன்றிலிருந்து தங்கை வீடிருக்கும் திருமழிசைப் பக்கமே அவன் போகவில்லை.

தட்டைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. எல்லம்மாவின் மகள் புவனா வயதுக்கு வந்திருக்கிறாள். தாய்மாமன் வீட்டுக்குத்தான் முதல் தாம்பூலம். அவன் சீர் எடுத்துப் போனால்தான் மஞ்சள் நீராட்டுக்கு அழகு.

தேவராஜ் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினான். அறுபத்திரண்டு.

"உன் மருமவ விசயமாத்தான் வந்துகீறேண்ணா. அவரு வர்லே, நான் மட்டுந்தான் வந்தேன்."

ஒரு மேகம் சூரியனைத் தொட்டது. மேகம் வந்தால் எண்ணிக்கையை மெதுவாக்க வேண்டும். அவன் தங்கையைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தான். கை இறங்கவில்லை.

அதை அவள் எப்படி எடுத்துக்கொள்வாள் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. பிற்பாடு அவனைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான். ஒரு தலையசைப்பு போதும். தலையசைத்தால் எந்த எண்ணிக்கையும் தப்பாது. ஆனால், கொஞ்ச நேரம் நிற்கட்டுமே என்று உள்ளே ஒன்று சுகமாகச் சொன்னது. அவன் எண்களுக்குள் ஒளிந்துகொண்டான். எண்பத்தெட்டு. எண்பத்தொன்பது.

"மேலயே பாத்துகினு இரு. நான் வரேன்."

நூற்று மூன்றில் கேட் மறுபடி கிறீச்சிட்டது. இன்னும் பதினேழு. அதையும் எண்ணினான். சட்டத்தை உடனே கழுவ வேண்டும், கழுவினான். தண்ணீர் பட்டதும் ஒவ்வோர் எழுத்தாகக் கண் திறந்தது, ஓரம்கூடச் சிதையாமல். "ராஜம்மா, வந்திச்சு!" என்று கத்தினான். மனைவி தெருக் குழாயடியில் இருந்தாள். வீட்டில் யாருமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

லுங்கியோடு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினான். பூந்தமல்லி பஸ் புகையை விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று நினைத்தான். ஞாயிறு வந்தபோது, ஒரு நிமிஷம் நிற்க முடியாதா அவளால் என்று தோன்றியது. போகவில்லை.

எல்லம்மா வந்துபோன பதினோராம் நாள், சனிக்கிழமை, பத்திரிகை தபாலில் வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள்.

"இன்னாய்யா இது, தாய்மாமனுக்குப் போஸ்ட்லயா அனுப்புவாங்க?" என்றாள் ராஜம்மா. அவள் குரலில் கோபத்தைவிட பயம்தான் இருந்தது.

அவன் முதலில் படிக்கவில்லை. இரண்டு மாதப் பழக்கம், அச்சைத்தான் பார்த்தான். ஸ்கிரீன் வேலைதான், மெரூன் மை, சீரான இழுப்பு. கீழே அழைப்பவர்கள் பெயர்கள். பெற்றோருக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் ஒரு வரி அளவு வெற்றிடம் இருந்தது. மற்ற வரிகள் எல்லாம் நெருக்கமாக இருந்தன.

விரலால் தடவினான். வெற்றிடத்தின் ஓரத்தில் முடிபோல மெல்லிய மேடு, நூல் பிடித்தாற்போல் நேராக. அவனுக்குத் தெரியும் அது. ஒரு வரியை எடுக்கப் புதுச் சட்டம் போட மாட்டார்கள். சட்டத்தின் அடியில் டேப் ஒட்டி அந்த வரியை மட்டும் அடைத்துவிடுவார்கள். டேப்பின் விளிம்பில் மை கொஞ்சம் தடித்து நிற்கும். ஊறுகாய்க்காரர் பழைய விலாசத்தை எடுக்கச் சொன்னபோது போன வாரம் அவனே செய்த வேலை.

கார்டை வெயிலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தான். டேப் ஒட்டியவன் மேல்பக்கம் கவனிக்கவில்லை. வரிக்குமேல் உயர்ந்து நிற்கும் மெய்யெழுத்துப் புள்ளிகள் மட்டும் தப்பியிருந்தன. மொத்தம் மூன்று. தாய்மாமன் தேவராஜ் என்று மனதில் எழுதிப் பார்த்தான். மூன்றும் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன.

அவன் பெயரைப் போட்டுச் சட்டம் தயாரான பிறகுதான் அவள் தட்டோடு வந்திருக்கிறாள்.

"நாளைக்குக் காலைலதான் விசேசம்" என்றாள் ராஜம்மா. "பொடவையும் பூவும் இப்பவே வாங்கினா உண்டு. போலாமா, வேணாவா? இன்னா சொல்ற?"

பதில் வருமுன் அவன் கை தானாக உயர்ந்தது, உள்ளங்கை அவள் பக்கமாக. பாதியில் அதை அவனே பார்த்துவிட்டான். விரல் இடுக்கெல்லாம் மருந்தின் மஞ்சள் கறை. கார்டு மூலையிலிருந்த மஞ்சளும் அதன்மேல் ஒட்டியிருந்தது. கையின் நிழல் வெறுந்தரையில், சட்டம் வைக்கும் அதே இடத்தில், கறுப்பாக விழுந்து கிடந்தது.