வலது மூலை

என் லைன் பெண்கள் வேலையில் நிற்கிற மாதிரியே மைதானத்திலும் வரிசையாக நின்று எண் சொன்னார்கள். எங்கள் கம்பெனியில் ஷிஃப்ட் தொடங்கும் முன் இது கட்டாயம். ஒவ்வொருத்தியும் தன் எண்ணை உரக்கச் சொன்ன பிறகுதான் கன்வேயர் ஓடும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூட இவர்கள் எண் சொல்லிவிட்டுத்தான் இலையில் கை வைப்பார்கள் என்று நான் கேலி செய்வதுண்டு. அன்றைக்கு உச்சிமாகாளி "எட்டு" என்றாள். அவள்தான் கடைசி. ஆனாலும் யாரும் கலையவில்லை. எட்டுப் பேரும் நேரே பார்த்துக்கொண்டு ஒரு மூச்சு நேரம் நின்றார்கள். பிறகு ஏதோ காதில் விழுந்ததுபோல ஒன்றாகக் கலைந்து ஓடினார்கள்.

ஒன்பது என்பது நிலாவின் எண். பொங்கல் லீவுக்குச் சங்கரன்கோவில் பக்கம் ஊருக்குப் போனவள், காய்ச்சல் கண்டு அங்கேயே இறந்துபோனாள். பத்தொன்பது வயது. லைன் லீடர் என்பதால் அவளுடைய அண்ணன் எனக்குத்தான் போன் செய்தான். பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்து லைனை ஓட்டினேன். அதன்பின் அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் மறுபடி அழுவேன் என்று பயம்.

லைன் பெண்களை வைத்து நான் பழக்கும் பேஸ்பால் டீமுக்கு ஒன்பது பேர் வேண்டும். ஒரகடத்துக் கம்பெனிகளுக்குள் நடக்கும் பெண்கள் லீகில் எட்டுப் பேரோடும் ஆட விடுவார்கள், ஆனால் இல்லாத ஆள் மட்டை பிடிக்கும் முறை வரும்போதெல்லாம் ஒரு அவுட் சும்மா போய்விடும். அப்படிப் போய்ப் போய் இந்த சீசனில் ஆடிய எல்லா மேட்சிலும் தோற்றோம். ஹெச்.ஆர். ஸ்ரீநிவாசராகவன் நல்ல மனிதர், கெட்ட செய்தியைக்கூடக் காபி கொடுத்துத்தான் சொல்வார். கடைசி மேட்சையாவது ஜெயித்தால் மேலே பேசிப் பார்க்கலாம், இல்லையென்றால் டீமைக் கலைத்துவிட்டு மைதானத்தை லாரி நிறுத்த விட்டுவிடுவார்கள் என்றார். லாரி நிற்க ஒரகடத்தில் இடமா இல்லை? இந்தப் பெண்களுக்கு ஹாஸ்டல் கேட், பஸ், லைன், மறுபடி பஸ், மறுபடி கேட். பிராக்டிஸ் என்ற ஒன்று இருப்பதால்தான் வார்டன் சாயங்காலத்தில் வெளியே விடுகிறாள். அது போனால் அவர்கள் வெயிலைக்கூட ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், தோற்கத் தோற்க இவர்கள் தேறிக்கொண்டே வந்தார்கள். ஆரம்பத்தில் பந்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டவர்கள், இப்போது மண்ணில் விழுந்து பிடித்தார்கள். உச்சிமாகாளி எறிகிற பந்தை வாங்கினால் என் உள்ளங்கை சிவந்துவிடும். முகத்தில் தோற்ற களையே இல்லை. ஆனால் ஒன்பதாமவள் நின்ற வலது மூலையை மட்டும் காலியாக விட்டுவிட்டுத்தான் நின்றார்கள். நடுவில் நிற்பவள் இரண்டடி நகர்ந்துகூட அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள மாட்டாள். அங்கே போன பந்து சில சமயம் திரும்பி வந்தது. மைதானத்தை ஒட்டிய ஏரிக்கரையில் மாடு மேய்க்கிற யாரோ எறிகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

குவாலிட்டியில் கமலினி என்று ஒரு டிப்ளமோ டிரெய்னி இருந்தாள். ஸ்ரீபெரும்புதூர்ப் பெண், அப்பா கோயில் கைங்கரியத்தில் இருப்பவர். நன்றாக ஓடுவாள். கெஞ்சிக் கூட்டி வந்து வலது மூலையில் நிறுத்தினேன். மற்றவர்கள் அவளைத் தடுக்கவில்லை. எண் சொல்லும்போது மட்டும், எட்டுக்குப் பிறகு கொஞ்சம் பொறுத்து, அவளைப் "பத்து" என்று சொல்ல வைத்தார்கள். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, கமலினி கையுறையைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மேடம், அங்க ஏற்கெனவே ஒருத்தி நிக்கறா."

"இன்னாம்மா சொல்ற?"

"கோவிச்சுக்கலை. தள்ளி நின்னு எனக்கு எடம் விட்டா. எனக்குத்தான் மனசு கேக்கலை."

பயந்த மாதிரியே தெரியவில்லை. பஸ்ஸில் முன்னால் நிற்பவரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனாள். மறுபடி வரவே இல்லை. நான் உச்சிமாகாளியைப் பிடித்துக்கொண்டேன். என்னடி விளையாட்டு இது, உங்கள் நல்லதுக்குத்தானே நாயாய் அலைகிறேன் என்று கத்தினேன். அவள் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அங்கதான் அவ நிக்கால்லா அக்கா. அந்த எடத்துல வேற ஆள விட்டா அவ எங்க போவா?"

அவர்கள் பஸ் ஏறிய பிறகு நான் வலது மூலைக்கு நடந்தேன். ஆட்டக்காரர்கள் நின்று நின்று மைதானத்தில் எட்டு இடத்தில் புல் தேய்ந்து மண் தெரியும். வலது மூலையில் பொங்கலுக்குப் பிறகு, கமலினியின் அந்தப் பத்து நிமிஷத்தைத் தவிர, யாரும் நின்றதில்லை. அங்கேயும் இரண்டு பாத அளவுக்கு மண் தெரிந்தது. தொட்டுப் பார்த்தேன், ஈரமாக இருந்தது. மழை பெய்து பல நாள் ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்து சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். என்ன வேண்டிக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

கடைசி மேட்சுக்குப் புது அம்பயர். யாக்கோபு என்று படப்பைப் பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார். ஒரு ஆள் குறைகிறதே என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உச்சிமாகாளி, "ஒருத்தி பின்னால வாறா சார்" என்றாள். வந்ததும் பேரைக் கொடுங்கள், சேர்த்துக்கொள்கிறேன், அதுவரை எட்டுதான் என்று அவர் விசில் ஊதினார். நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை.

அன்று ஆடினார்கள் பாருங்கள், இவர்களா என் பெண்கள் என்றிருந்தது. வெயில் இறங்கும் நேரத்தில் ஒரு ரன் முன்னிலையில் இருந்தோம். எதிர் டீமுக்கு மிச்சம் ஒரே அவுட். அவர்களில் ஒருத்தி ஏற்கெனவே பாதி தூரம் வந்து நின்றிருந்தாள். அடுத்து வந்த உயரமான பெண் ஓங்கி அடித்தாள். பந்து வலது மூலைக்குப் போனது. கீழே விழுந்தால் இரண்டு ரன், டீம் அத்தோடு முடிந்தது.

என் பெண்கள் ஒருத்தியும் ஓடவில்லை. திரும்பி நின்று பார்த்தார்கள், அவ்வளவுதான். பந்து மூலையை ஒட்டிய கருவேலங்காட்டு இருட்டில் இறங்கியது. புல்லில் விழுகிற சத்தம் கேட்கவில்லை. தோலில் பந்து பதிகிற சத்தம் கேட்டது. ஓடிக்கொண்டிருந்த எதிராளிப் பெண் தானாகவே நின்றுவிட்டாள். யாக்கோபு கையை உயர்த்தி அவுட் கொடுத்தார். எட்டுப் பேரும் அப்போதுதான் வலது மூலையை நோக்கி ஓடினார்கள்.

யாக்கோபு பேனாவைத் திறந்துகொண்டே என்னிடம் வந்தார்.

"லேட்டா வருதுன்னு சொன்ன பொண்ணுதானே? சூப்பர் கேட்ச். பேர் சொல்லும்மா, சேர்த்துக்கறேன்."

அங்கே ஆளே இல்லை சார் என்று சொன்னால் அது நியாயம். ஆனால் சொன்னால் கேட்ச் செல்லாது, நாளையிலிருந்து ஹாஸ்டல் கேட் சாத்திக்கொள்ளும். அவர் கண்ணைப் பார்த்தேன். சும்மா சொல்கிற ஆளாகத் தெரியவில்லை, பார்த்திருக்கிறார்.

"நிலா" என்றேன்.

"இனிஷியல்?"

எனக்கு ஞாபகம் வரவில்லை. உச்சிமாகாளியைக் கேட்கலாம் என்று திரும்பினேன். வலது மூலையிலிருந்து அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு ஒரே வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு, நடுவில் ஒரு ஆள் அகலத்துக்கு இடம். உச்சிமாகாளியின் கை மட்டும் அந்த இடத்தில், தோள் உயரத்தில், எதன்மேலோ சாய்ந்து கிடந்தது.