கை தூக்கினால் ஒரு வண்டிக்கு இடம்

சிமாங்கா வலது கையைத் தூக்கினால் ஹெதர்லி தெருவில் ஒரு கார் நிற்கிற அளவுக்கு இடம் உண்டாகும். அதே அளவுக்கு அவனுடைய வீடு தள்ளிப்போகும். சின்ன வண்டிக்கு ஐந்து மீட்டர், சரக்கு வண்டி என்றால் ஏழு. ஜொகானஸ்பர்க்குக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் புறநகரில் இதை அதிசயம் என்று யாரும் சொல்வதில்லை. முதலில் ரொட்டிக்கடை வந்தது, பிறகு உடற்பயிற்சிக்கூடம், போதாக்குறைக்கு மூடிக்கிடந்த சினிமாக் கொட்டகையில் ஒரு சர்ச். சொந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்த வழியில்லாமல் ஜகரண்டா மரங்களைச் சுற்றிச் சுற்றி வந்து பெட்ரோலைத் தீர்த்தவர்களுக்குத்தான் சிமாங்காவின் அருமை தெரியும்.

காங்கோவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன். இங்கே வந்து, பிழைக்க வந்த மற்றவர்களைப் போலத் தெருவோரம் நின்று வண்டிகளைக் காவல் காக்கும் வேலையில் சேர்ந்தான். முதல் ஞாயிற்றுக்கிழமையே குடியிருப்போர் சங்கத் தலைவி திருமதி ஃபூரி தன் நீளமான காரோடு வந்து சேர்ந்தார். தெருவில் ஈ நுழையக்கூட இடமில்லை. ஆனாலும் பழக்கதோஷத்தில் அவன் கையைத் தூக்கிவிட்டான். பஸ் சீட்டில் ஆள் நகர்ந்து உட்காருவது போல நின்றிருந்த கார்கள் விலகி இடம்விட்டன. ஃபூரி அம்மாள் நிறுத்திவிட்டு, "பரவாயில்லையே, கெட்டிக்காரன்பா நீ" என்று ஒரு நாணயத்தைக் கொடுத்துவிட்டு ஜெபிக்கப் போனார்.

அவன் வீடு யோவில் என்கிற பக்கத்துப் பேட்டையில், ஒற்றை அறை. அங்கே மனைவி மிசெங்காவும் எட்டு மாதக் கைக்குழந்தை கபிங்காவும் இருந்தார்கள். நடந்தால் நாற்பது நிமிடம். முதல் மாத முடிவில் அது ஒரு மணி நேரமானது, ஜூலை மாதக் குளிர்காலத்தில் மூன்று மணி நேரம், கிறிஸ்துமஸ் வரும்போது ஒரு பகல் முழுக்க நடக்கவேண்டியிருந்தது. மினிபஸ்ஸில் ஏறிப் பார்த்தான். டேங்க் காலியாகி வண்டி நடுவழியில் நின்றது. அதற்குப் பிறகு எந்த டிரைவரும் அவனை ஏற்றவில்லை. அந்த வீட்டு ஆட்களுக்கு மட்டும்தான் இப்படி. நாங்கள் காரில் எட்டு நிமிடத்தில் யோவில் போய்விட்டு வருவோம். நகரசபையிலிருந்து ஓர் ஆள் நாடாவோடு வந்து அளந்தார். தெருவில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக்கொண்டு, தன் வண்டிக்கும் ஓர் இடம் வாங்கிக்கொண்டு ரொட்டி சாப்பிடப் போனார்.

அடுத்த வருஷம் மிசெங்கா ஒரு தடவை மரவள்ளிக் கீரை சமைத்து எடுத்துக்கொண்டு குழந்தையோடு வந்தாள். வந்து சேர நான்கு நாள் ஆனது. கீரை ஊசிப்போயிருந்தது. அவளுக்கு முடி பின்னும் கடையில் வேலை, லீவு கிடையாது. வந்த காலோடு திரும்பினாள். கை தூக்காமல் இருக்கலாமே என்று கேட்பீர்கள். தூக்கினால்தான் காசு, அந்தக் காசு போன் வழியாகப் போனால்தான் அந்த அறையில் அடுப்பு எரியும்.

மனைவியையும் குழந்தையையும் இங்கேயே கூட்டிவந்துவிடுகிறேன், யார் வீட்டுப் பின்கட்டிலாவது ஒரு அறை தாருங்கள் என்று சங்கத்தில் கேட்டான். ஃபூரி அம்மாளின் பின்னறையில் நடைப்பயிற்சி இயந்திரம் இருந்தது. மற்றவர்களுக்கும் ஏதாவது இருந்தது. இன்சூரன்ஸ் ஏஜென்ட் மொலோய் இளகிய மனசுக்காரர். "பாவம்ப்பா, நடக்கிறவனுக்குக் கால் முக்கியம் இல்லையா?" என்றார். எல்லோரும் சேர்ந்து அவனுக்கு நல்ல தோல் ஷூ வாங்கிக் கொடுத்தோம். கை தட்டினோம். கொட்டகையின் பழைய டிக்கெட் அறையில் படுத்துக்கொள்ளவும் விட்டோம். இப்படியே ஆறு வருஷம் ஓடிவிட்டது.

ஆறாவது வருஷம் நவம்பரில் கபிங்கா போனில் பேசினாள். "அப்பா, ஜனவரியில எனக்கு ஸ்கூல். மொத நாள் நீதான் வந்து விடணும். எல்லா அப்பாவும் வருவாங்களாம்."

"வரேன்டி தங்கம்."

"பொய் சொல்லாத."

அன்றைக்குத்தான் அவன் முடிவெடுத்தான். வீட்டுக்கு இப்போது நாற்பத்து நான்கு நாள் நடை. மிசெங்கா கடை வேலையை விட்டுவிட்டு அந்தப் பக்கமிருந்து குழந்தையோடு புறப்பட்டால் இருபத்திரண்டாம் நாள் நடுவில் சந்திக்கலாம். வழியில் அவன் கை தூக்காமல் இருந்தால் போதும். இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினான். தினமும் அவனைப் பார்த்தோம். நாள் முழுக்க நடந்துகொண்டே இருப்பான், ஒரே ஒரு மரத்தைத்தான் தாண்டியிருப்பான். நாங்கள் மறுபடியும் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தோம், ஒருவரையொருவர் திட்டிக்கொண்டோம். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தோம் என்றுதான் சொல்லவேண்டும்.

இருபத்திரண்டாம் நாள் அவன் தெருமுனைப் பெட்ரோல் பங்க் வரை போயிருந்தான். எங்களுக்கு அது காரில் இரண்டு நிமிடம். அன்றைக்கு மொலோய் வீட்டில் கல்யாணம். அறுபது கார்கள் நிறுத்த இடமில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. மொலோய் கோட்டும் பூவுமாகக் காரில் அவன் பக்கத்திலேயே ஊர்ந்துகொண்டு வந்தார்.

"சிமாங்கா, ஒரே ஒரு தடவைப்பா. சம்பந்தி முன்னால மானம் போகுது."

"முடியாது பாஸ். எம் பொண்ணு வருது."

"என் பொண்ணுக்கும்தான்யா கல்யாணம்!"

அவன் நடையை எட்டிப் போட்டான். பங்கிற்கு அப்பால் மிசெங்கா தெரிந்தாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு சுருட்டை முடியும் புழுதிக் காலுமாக ஒரு சிறுமி. இருபது அடிதான் இருக்கும். சிறுமி நின்றுவிட்டாள்.

"போடி, அப்பாதான்" என்றாள் மிசெங்கா.

"இது அப்பா இல்ல. போட்டோவுல அப்பா கையத் தூக்கிட்டு நிப்பாரு." அம்மாவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"கபிங்கா, நான்தாம்மா" என்றான் சிமாங்கா.

"அப்பன்னா கையத் தூக்கிக் காட்டு."

மிசெங்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவன் ஓர் அடி எடுத்து வைத்தான். குழந்தை திரும்பி நடக்கத் தொடங்கியது. பெற்ற மனம் கேட்குமா? பையிலிருந்து கையை எடுத்துத் தூக்கினான்.

குழந்தையின் முகம் மலர்ந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். "அப்பா!" என்று கத்தினாள். நடுவில் இடம் விரிந்தது. சம்பந்தியின் வெள்ளைக் கார் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் நின்றது. சந்தோஷம் தாங்காமல் அவளும் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள். தகப்பன் ரத்தம் இல்லையா, அந்தப் பக்கம் இரண்டு வண்டிகளுக்கு இடம் விழுந்தது. மிசெங்கா பாய்ந்து அவள் கைகளை அழுத்திப் பிடிப்பதற்குள் பத்தொன்பது கார்கள் நின்றுவிட்டன. பிடித்த கையை உதறிவிட்டு அவள் மறுபடி ஆட்டினாள். அப்பா கண்ணிலிருந்து மறைந்துகொண்டே போனால் எந்தக் குழந்தைதான் சும்மா இருக்கும்? பிற்பகலுக்குள் அறுபது கார்களும் அடங்கின. "கைராசிக்காரப் புள்ள!" என்று மொலோய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள், வண்டியை எடுத்தேன்.

ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்தது. அப்பாவும் மகளும் இன்னும் அந்தந்த முனையில்தான் நிற்கிறார்கள். அவன் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம், நடுவில் எங்கள் கார்கள். எங்கள் புறநகரில் இப்போது வண்டி நிறுத்த யாரும் அலைவதில்லை. போன வாரம் ஃபூரி அம்மாள், காவலாளிகள் போடும் மஞ்சள் மேல்சட்டை ஒன்றை ஆறு வயதுக்கு வெட்டித் தைத்து, காரில் கொண்டுபோய் அவளுக்குப் போட்டுவிட்டு வந்தார். அளவு சரியாக இருந்ததாம்.